ஸ்டாண்ட்-அப் காமெடியில் ரெஃபரன்ஸ்: கைதட்டல் எங்கே முடிகிறது, சிரிப்பு எங்கே தொடங்குகிறது?

பின்வரிசை:

ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சிகளை விடாமல் பார்க்கிறவர்களோடு ஒரு விஷயம் பேச வேண்டும். மேடையில் நிற்பவர் பிரபலமான சினிமா வசனம் ஒன்றைச் சொல்கிறார். அல்லது ஒரு விளம்பர வரி. அல்லது பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்த செய்யுளின் முதல் அடி. இப்படித் தெரிந்த ஒன்றை எடுத்தாள்வதைத்தான் ரெஃபரன்ஸ் என்கிறோம். அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. அதைச் சிரிப்புக் கணக்கில் எழுதிவிடுகிறோம். அது சிரிப்பே இல்லை என்பது என் வாதம். "இது எனக்குத் தெரியும்" என்கிற குதூகலம், அவ்வளவுதான்.

கண்ணை மூடிக் கேட்டாலே வித்தியாசம் பிடிபடும். தெரிந்ததைக் கண்ட குதூகலம் கைதட்டலாகவும் விசிலாகவும் வரும்; வரி பாதி ஓடும்போதே வந்துவிடும். சிரிப்புக்கு வரி முடிய வேண்டும். அந்த வரி இந்த இடத்தில் என்ன செய்கிறது என்பது தலைக்குள் விழுந்த பிறகுதான் அது வெடிக்கும்.

எனக்குப் பிடித்த சான்று அமெரிக்க காமெடியன் ஆண்டி காஃப்மன். 1975 அக்டோபர் 11, 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியின் முதல் ஒளிபரப்பு. மேடையில் ஒரு ரெக்கார்டு பிளேயர். 'மைட்டி மவுஸ்' கார்ட்டூனின் முகப்புப் பாட்டு ஓடுகிறது. பக்கத்தில் காஃப்மன் என்ன செய்வதென்று தெரியாதவர்போல் நிற்கிறார். "இதோ வந்தேன், காப்பாற்ற!" என்ற பொருளில் நாயகன் பாடும் அந்த ஒற்றை வரி வரும்போது மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, கையை உயர்த்தி, அதற்கு வாயசைக்கிறார். வரி முடிந்ததும் பழையபடி திருதிருவென விழிப்பு. நடுவில் தண்ணீர் குடிக்கிறார். அடுத்த முறை அந்த வரி வரும்வரை காத்திருக்கிறார்.

பாட்டு அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. அதில் ஒரு சொல்லைக்கூட அவர் மாற்றவில்லை, கிண்டலும் செய்யவில்லை. முழுப் பாட்டும் கையில் இருக்கும்போது ஒரு வரிக்கு மட்டும் உயிர் பெற்று, மற்ற நேரமெல்லாம் அதற்காகவே காத்துக் கிடக்கும் மனிதர் ஒருவரைப் பார்த்துத்தான் அரங்கம் சிரித்தது. பழைய பனுவல் ஒன்று மேடைக்கு வருவதும், அது சிரிப்பாவதும் இரண்டு தனித்தனி வேலைகள் என்கிறேன். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

நூலகவாசி:

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள், பின்வரிசை. ஆனாலும் அடையாளம் காணும் இன்பத்தை இப்படி ஓரமாகத் தள்ள எனக்கு மனமில்லை.

நகைச்சுவைத் துணுக்குகளைப் பற்றி 1905-ல் ஃபிராய்டு எழுதிய நூலில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. புதிதாக ஏதோ வரப்போகிறது என்று மனம் தயாராகிறது; வருவதோ ஏற்கெனவே தெரிந்தது. செலவழிக்க எடுத்து வைத்த உழைப்பு மிச்சமாகிறது, அந்த மிச்சமே இன்பம். எதுகை, பல்லவி, மேற்கோள் எல்லாம் இதில்தான் சுவைக்கின்றன என்கிறார். அப்படிப் பார்த்தால் நீங்கள் 'வெறும் குதூகலம்' என்று ஒதுக்குவது சிரிப்பின் மூலப்பொருள்களில் ஒன்று.

இன்னொன்று. 1967-ல் ஜூலியா கிறிஸ்தேவா, ரஷ்ய இலக்கியச் சிந்தனையாளர் பக்தினை பிரெஞ்சு வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தி எழுதிய கட்டுரையில்தான், எந்தப் பனுவலும் முந்தைய பனுவல்களின் மேற்கோள் சில்லுகளால் ஆனது என்ற கருத்து அழுத்தமாக வைக்கப்பட்டது. நம் விமர்சகர்கள் அதை ஊடிழைப்பிரதி என்று எழுதினார்கள். நாவலில் அந்த இழை வாசகர் கண்ணில் படாமலே போகலாம். பட்டாலும் அவர் அதைத் தனியாக, மெதுவாக அனுபவிக்கலாம். மேடையில் அந்த வசதி கிடையாது. இழையின் ஒரு முனை கலைஞரின் கையில், மறுமுனை பார்வையாளர் தலையில். இரண்டும் அதே நொடியில் முடிச்சுப் போட வேண்டும்.

மொழியியலாளர் விக்டர் ராஸ்கின் 1985-ல் வைத்த கோட்பாட்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு ஜோக்கை இரண்டு வேறு சூழல்களில் வைத்துப் படிக்க முடிய வேண்டும், அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். சாதாரண ஜோக்கில் அந்த இரண்டையும் கலைஞரே கட்ட வேண்டும். ரெஃபரன்ஸ் ஜோக்கில் ஒன்று ஏற்கெனவே நம் தலையில் கட்டி முடிந்த வீடு. செட்-அப் நேரம், அதாவது ஜோக்குக்கு முன் சூழலைக் கட்டும் நேரம், அப்படியே மிச்சம். இத்தனை பேர் ரெஃபரன்ஸை நாடுவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

---

ஒலிவாங்கி:

நூலகவாசி ஐயா, மேடையேறுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மிச்சம் இலவசமாக வருவதில்லை.

ஒரு வசனத்தை எடுத்துப் போட்டதுமே அரங்கம் இரண்டாகப் பிரிகிறது. தெரிந்தவர்கள் ஒரு பக்கம், தெரியாதவர்கள் மறுபக்கம். தெரியாதவர்கள் சும்மா சிரிக்காமல் இருந்துவிட்டால் பரவாயில்லை. பக்கத்து இருக்கைக்காரர் சிரிப்பதைப் பார்த்து, தாங்கள் வெளியே நிற்கிறோம் என்பதை உணர்கிறார்கள். அடுத்த ஐந்து நிமிடம் அவர்களைத் திரும்ப உள்ளே கூட்டி வரவே போய்விடும். அடுத்த ஜோக் ரெஃபரன்ஸே இல்லாத ஜோக்காக இருந்தாலும், "இதுவும் எங்கேயோ வந்ததாக இருக்குமோ" என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். யோசிக்கிற முகம் சிரிக்காது.

அதனால் பின்வரிசை சொல்லும் இரண்டு வேலைகளோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: தெரியாதவருக்கும் அந்தப் பனுவலை அங்கேயே ஊன்றிவிடுவது.

---

புதுவரவு:

ஒலிவாங்கி அண்ணா, அப்போ முதல்ல விளக்கிச் சொல்லிட்டு அப்புறம் ஜோக் சொன்னா சரியாயிடுமா? விளக்கினா ஜோக் செத்துடும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நான் இன்னும் மேடையே ஏறல, எழுதிட்டு மட்டும் இருக்கேன். ரொம்ப நாளா இந்தச் சந்தேகம் இருக்கு.

---

பழஞ்சுவடி:

தம்பி புதுவரவு, உன் கேள்விக்கு கி.மு. 405-லேயே ஒரு பதில் இருக்கிறது. அரிஸ்டோஃபனீஸ் எழுதிய 'தவளைகள்' ஏதென்ஸில் மேடையேறிய ஆண்டு அது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்டாண்ட்-அப் எழுதுகிற யாரும் தெரிந்துகொள்ள வேண்டிய காட்சி ஒன்று அதில் இருக்கிறது.

பாதாள உலகில் இரண்டு நாடகக் கவிஞர்களுக்குள் போட்டி. ஒருவர் ஈஸ்கிலஸ், மற்றவர் யூரிப்பிடிஸ். நடுவர் டயோனைசஸ் கடவுள். யூரிப்பிடிஸ் தன் நாடகங்களின் தொடக்க வரிகளை ஒவ்வொன்றாகப் பெருமிதத்தோடு சொல்கிறார். இன்னார் மகன் இன்னார், இந்தக் கடலைக் கடந்து, இந்தக் கரையில் இறங்கி... என்று வாக்கியம் கம்பீரமாக ஏறிக்கொண்டே போகும். அது மூச்சு வாங்கும் இடத்தில் ஈஸ்கிலஸ் குறுக்கே புகுந்து, "...தன் எண்ணெய்க் குப்பியைத் தொலைத்தான்" என்று முடித்துவிடுவார். யாப்பு பிசகாது, இலக்கணமும் பிசகாது. அடுத்த நாடகத்தின் தொடக்கம் வரும். அதே இடத்தில் அதே குப்பி. அதற்கடுத்ததிலும் குப்பிதான். கடைசியில் நடுவரே பொறுக்க மாட்டாமல், பேசாமல் அந்தக் குப்பியை விலைக்கு வாங்கிவிடு என்று யூரிப்பிடிஸிடம் சொல்கிறார்.

இதில் முதல் முறை யார் சிரித்திருப்பார்கள்? அந்த நாடகங்களைப் பார்த்தவர்கள். மூன்றாம் முறை யார் சிரித்திருப்பார்கள்? எல்லோரும். வீரன் ஒருவனின் பெயரோடு தொடங்கும் எந்த வரியும் குப்பியில்தான் போய் விழும் என்பதை நாடகமே அதற்குள் கற்றுக் கொடுத்துவிட்டது. யூரிப்பிடிஸைக் கேள்விப்படாதவரும் அவர் வாயைத் திறந்ததும் குப்பிக்குக் காத்திருப்பார். விளக்கமே இல்லாமல் பனுவல் ஊன்றப்பட்டுவிட்டது.

இது வெறும் விளையாட்டும் இல்லை. எல்லாத் தொடக்கங்களிலும் அதே சொற்றொடர் பொருந்துகிறது என்றால், எல்லாத் தொடக்கங்களும் ஒரே வார்ப்பில் எழுதப்பட்டவை என்று ஆகிறது. யூரிப்பிடிஸின் எழுத்துமுறை பற்றி ஒரு கட்டுரை சொல்லியிருக்கக்கூடிய விமர்சனத்தை ஒரு குப்பி சொல்லிவிடுகிறது. பகடி எழுதுகிறவர் மூலத்தை எவ்வளவு உன்னிப்பாகப் படித்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒரு செய்தி. அதே நாடகத்தில் குழுப்பாடகர்கள் இரண்டு கவிஞர்களுக்கும் தைரியம் சொல்கிறார்கள்: பார்வையாளர்களுக்கு நுட்பமெல்லாம் புரியுமா என்று பயப்படாதீர்கள், இப்போது அவரவர் கையில் புத்தகம் இருக்கிறது, கற்றுக்கொள்கிறார்கள், என்று. ஒலிவாங்கியின் கவலை ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே மேடையில் ஒலித்திருக்கிறது.

---

புதுவரவு:

ஐயா, ரொம்ப நன்றி. குப்பி காட்சியைப் படிக்கும்போதே சிரிச்சேன். நான் யூரிப்பிடிஸ் ஒரு வரிகூடப் படிச்சதில்ல!

---

ஒலிவாங்கி:

பழஞ்சுவடி ஐயா சொன்னதை நடைமுறைக்குக் கொண்டு வருகிறேன். எல்லோரும் கேட்டிருக்கும் ஒரு பனுவலை எடுத்துக்கொள்வோம், வாடிக்கையாளர் சேவை எண்ணில் வரும் பதிவுக் குரல். இது ஒரு குறிப்பிட்ட நூலோ படமோ இல்லை. பேச்சுவகை. ஸ்டாண்ட்-அப்புக்கு இந்த மாதிரி பேச்சுவகைகள்தான் பெரிய புதையல் என்பேன். படம் பார்க்காதவர் இருப்பார். "இணைப்பில் காத்திருங்கள்" என்று கேட்காதவர் இருக்க மாட்டார்.

முதல் வரைவில் பெரும்பாலோர் செய்வது, அந்தக் குரலை அச்சு அசலாகப் பேசிக் காட்டுவது. கைதட்டல் கிடைக்கும். மிமிக்ரிக்கான கைதட்டல் அது. பின்வரிசை சொல்வது இதைத்தான்.

இரண்டாம் வரைவில் குரலை இடம் மாற்றுங்கள். வீட்டில் மனைவி வந்து, "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்கிறார். கணவனுக்குப் பதில் தெரியவில்லை. உள்ளிருந்து பதிவுக் குரல் வருகிறது: "உங்கள் உணர்வுகள் எங்களுக்கு மிகவும் முக்கியமானவை. தற்போது எங்கள் கணவர்கள் அனைவரும் வேறு அழைப்பில் உள்ளனர். தயவுசெய்து இணைப்பில் காத்திருங்கள்."

சிரிப்பு 'அனைவரும்' என்ற சொல்லில் விழும். மூலத்தில் அது இயல்பான சொல், இங்கேயும் மாறாமல் அப்படியே இருக்கிறது. வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு கணவன். அடியில் ஓடும் பொருத்தம் அதைவிட முக்கியம். மரியாதை நிரம்பி வழியும் குரல், ஆனால் மறுமுனையில் யாருமே கேட்கவில்லை. பதிவுக் குரலின் குணம் அது, அந்தக் கணவனின் குணமும் அதுதான். பழைய பனுவல் கணவனைக் காட்டிக் கொடுக்கிறது; கணவன் பழைய பனுவலைக் காட்டிக் கொடுக்கிறான். இந்த இருவழிப் பாதை இல்லாவிட்டால் வெறும் குரல் வித்தைதான் மிஞ்சும்.

---

மெய்ப்பாடு:

நல்ல விவாதம், நானும் சேர்ந்துகொள்கிறேன். தொல்காப்பியம் நகைக்கு நான்கு நிலைக்களன்கள் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். ரெஃபரன்ஸ் ஜோக் என்றாலே எள்ளல் மட்டும்தான் என்று நாம் எடுத்துக்கொள்கிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. பகடி என்றால் யாரையோ, எதையோ இளக்காரம் செய்வது என்ற எண்ணம் அவ்வளவு பதிந்திருக்கிறது.

பின்வரிசை காட்டிய காஃப்மனில் எள்ளல் எங்கே? பாட்டை அவர் நேசிக்கிறார். ஒரு குழந்தை தனக்குப் பிடித்த வரிக்காகக் காத்திருப்பதைப் போன்ற பேதைமைதான் அங்கே சிரிக்க வைக்கிறது. பிரிட்டிஷ் ஸ்டாண்ட்-அப் கலைஞர் எடி இஸார்டு தன் 'சர்க்கிள்' நிகழ்ச்சியில் செய்தது இன்னொரு விதம். 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் வில்லன் டார்த் வேடர், டெத் ஸ்டார் என்ற விண்வெளிப் போர் நிலையத்தின் கேன்டீனுக்கு வருகிறார். கவுண்டரில் நிற்பவருக்கு அவர் யாரென்றே தெரியாது, தட்டை எடுத்துக்கொண்டு முறைப்படி வரச் சொல்கிறார். அண்டத்தையே நடுங்க வைத்தவர் ஈரத் தட்டுக்காகச் சண்டை போடுகிறார். இங்கேயும் படத்தை இழிவுபடுத்தும் நோக்கம் இல்லை. அத்தனை பெரிய போர் நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் சாப்பிட எங்கே போவார்கள் என்று மூலம் கேட்காமல் விட்ட கேள்வியைத்தான் அவர் எடுத்துக்கொள்கிறார்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. முன்னோர் சொன்ன பொருளை மட்டுமல்ல, அவர்களுடைய சொல்லையும் "பொன்னேபோல் போற்றுவம்" என்கிறது நன்னூல். பக்தியோடு மேற்கோள் காட்டுகிறவருக்கான விதி இது. மேடைக் கலைஞருக்கும் இதே விதிதான் பொருந்துகிறது என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. வசனத்தில் ஒரு சொல் தவறினாலும் அரங்கம் உடனே திருத்தத் தொடங்கிவிடும், சிரிப்பு போய்விடும். எண்ணெய்க் குப்பி யாப்புக்குள் அச்சாகப் பொருந்தியதால்தான் யூரிப்பிடிஸ் தடுமாறினார். ஒலிவாங்கியின் பதிவுக் குரலிலும் 'அனைவரும்' அப்படியே இருப்பதுதான் பலம்.

சொல் வேண்டுமென்றுகூட இல்லை. குறள் வெண்பாவின் நான்கு சீர், மூன்று சீர் தாளத்தில் அர்த்தமில்லாத ஒலிகளை அடுக்கினாலும், இரண்டாம் அடி முடியும்போது ஒரு நீதி வந்து விழப்போகிறது என்று நம் காது தயாராகிவிடுகிறது. அந்த எதிர்பார்ப்பே ஒரு செட்-அப்.

---

சட்டம்படித்தவள்:

மெய்ப்பாடு அக்கா சொன்ன 'யாரை எள்ளுகிறோம்' என்ற கேள்வியில் சட்டமும் மாட்டிக்கொண்டிருக்கிறது. 1994-ல் கேம்ப்பெல் எதிர் அக்கஃப்-ரோஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பழைய பாட்டு ஒன்றை டூ லைவ் க்ரூ என்ற ராப் குழு பகடி செய்ததைப் பற்றி விசாரித்தது. வணிகத்துக்காகச் செய்ததாலேயே பகடி நியாயமான பயன்பாடு (அனுமதி இல்லாமலே எடுத்தாள விடும் பதிப்புரிமை விலக்கு) ஆகாமல் போய்விடாது என்றது. பகடி தன் வேலையைச் செய்ய மூலத்தைப் போல ஒலித்தே ஆக வேண்டும், எது பகடி செய்யப்படுகிறது என்று கேட்பவர் அறியும் அளவுக்காவது எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதையும் ஏற்றுக்கொண்டது. மூலத்தையே விமர்சிக்கும் பகடிக்கும், மூலத்தைக் கருவியாக வைத்து வேறு ஒன்றைத் தாக்கும் அங்கதத்துக்கும் இடையே ஒரு கோடும் போட்டது. இரண்டாவது வகை, ஏன் இந்த மூலத்தையே எடுத்தோம் என்று தனியாகக் காரணம் காட்ட வேண்டும்.

நீதிமன்றத்தை விட்டுவிட்டு மேடைக்கு மட்டும் இந்தக் கேள்வியைப் போட்டாலும் பயன்படும். இந்தப் பதிவுக் குரல் ஏன்? வேறு குரல் ஏன் இல்லை? ஒலிவாங்கியின் பிட்டில் (நிகழ்ச்சியின் அந்தத் துண்டில்) அதற்குப் பதில் இருக்கிறது. பல பிட்டுகளில் இருப்பதில்லை.

---

நேற்றையசெய்தி:

ரெஃபரன்ஸின் ஆயுளைப் பற்றி யாரும் பேசவில்லையே.

வான் மீடர் என்றொரு கலைஞர். 1962-ல் வெளியான 'தி ஃபர்ஸ்ட் ஃபேமிலி' ஆல்பத்தில் அதிபர் கென்னடியின் குரலையும் குடும்பத்தையும் அன்பாகக் கேலி செய்தார். லட்சக்கணக்கில் விற்றது, அந்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது. 1963 நவம்பர் 22 அன்று கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆல்பம் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மீடரின் தொழில் அதன் பிறகு மீளவே இல்லை. அதே குரல், அதே ஜோக்குகள். அந்தக் குரலைக் கேட்டால் மக்கள் மனதில் எழும் காட்சி ஒரே நாளில் மாறிவிட்டது.

அவருக்கு முன்பே மார்ட் சால் வேறு வழியில் போனார். 1953-ல் சான்ஃபிரான்சிஸ்கோவின் 'ஹங்ரி ஐ' விடுதியில் மேடையேறத் தொடங்கியவர், கையில் அன்றைய செய்தித்தாளோடு நிற்பது அவருடைய அடையாளமாயிற்று. பனுவலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே பேசுகிறார்! நாளை வேறு தாள், வேறு ஜோக். ஆயுள் ஒரு நாள்தான் என்பதை ஏற்றுக்கொண்டு, அதையே வடிவமாக்கிக்கொண்டவர். ஒரே ஒரு மூலத்தின் மேல் முழு வாழ்க்கையையும் கட்டிய மீடரை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் கனக்கிறது.

---

மேடைவிளக்கு:

பின்வரிசை, உங்கள் வாதத்துக்கு ஓர் எதிர்ச்சான்று கொண்டு வந்திருக்கிறேன்.

2001 செப்டம்பர் இறுதி, நியூயார்க். இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. 'பிளேபாய்' இதழின் நிறுவனர் ஹியூ ஹெஃப்னரை ரோஸ்ட் செய்யும், அதாவது மேடையில் வைத்தே கலாய்க்கும், நிகழ்ச்சி. காமெடியன் கில்பர்ட் காட்ஃபிரைடு விமானத்தை வைத்து ஒரு ஜோக் சொல்கிறார். அரங்கம் உறைகிறது, இதற்கு இன்னும் நேரம் வரவில்லை என்று ஒரு குரல் எழுகிறது. மேடையில் ஒருவர் மூழ்கும் தருணம். அப்போது அவர் 'அரிஸ்டோகிராட்ஸ்' ஜோக்கைத் தொடங்குகிறார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது காமெடியன்கள் தங்களுக்குள், மேடைக்குப் பின்னால், சொல்லிக்கொள்ளும் மிகப் பழைய ஜோக். தொடக்கமும் முடிவும் மாறாது. ஒரு குடும்பம் ஒரு ஏஜென்டிடம் தங்கள் வித்தையைக் காட்டுகிறது, கடைசியில் அந்த வித்தையின் பெயரைச் சொல்கிறது. நடுவில் வருவதை அவரவர் எவ்வளவு ஆபாசமாக முடியுமோ அவ்வளவு ஆபாசமாக இட்டு நிரப்புவார்கள். பஞ்ச்லைன் ரொம்பச் சுமார். அதைக் கேட்க யாரும் காத்திருப்பதில்லை. 2005-ல் இதைப் பற்றியே ஓர் ஆவணப்படம் வந்தது.

அன்று அரங்கில் காமெடியன்கள் ஏராளம். ஏஜென்ட் என்ற சொல் வந்ததுமே அவர் எங்கே போகிறார் என்று புரிந்துவிட்டது. அந்த இறுக்கம் உடைந்து சிரிப்பு அலையலையாக வந்தது. அடையாளம் கண்டதும் வெறும் கைதட்டல் வரவில்லையே, சிரிப்பே வந்ததே?

---

பின்வரிசை:

மேடைவிளக்கு, நீங்கள் கொடுத்த விவரமே என் பக்கம்தான் பேசுகிறது என்று நினைக்கிறேன். அந்த ஜோக் இருக்க வேண்டிய இடம் மேடைக்குப் பின்னால். அதை விளக்கு வெளிச்சத்தில், ஒலிவாங்கி முன்னால், அதுவும் அப்படிப்பட்ட ஒரு வாரத்தில், ஒருவர் எடுத்துவிடுகிறார். "இது எனக்குத் தெரியும்" என்பதோடு "இதை இங்கேயா சொல்கிறான்!" என்பதும் அதே நொடியில் சேர்ந்து வருகிறது. இடம் மாறாமல் அதே ஜோக்கை அறைக்குள் சொல்லியிருந்தால் அந்த வெடிப்பு வந்திருக்காது.

ஆனால் ஒன்றை உங்கள் சான்று எனக்குக் கற்றுக் கொடுத்தது. அடையாளம் காண்பது அங்கே பாதுகாப்பாகவும் வேலை செய்திருக்கிறது. ஒருவரையொருவர் முகம் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, நமக்கெல்லாம் பொதுவாக ஒன்று இன்னும் இருக்கிறது என்று தெரிந்தது. நூலகவாசி சொன்ன இன்பத்தின் இந்தப் பக்கத்தை நான் போதுமான அளவு எடை போடவில்லை.

---

நூலகவாசி:

இடம் மாற்றினால் போதும் என்று யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர் லென்னி புரூஸின் வழக்கை நினைத்துப் பாருங்கள். 1964-ல் நியூயார்க்கில் ஆபாசக் குற்றச்சாட்டு விசாரணை. அவருடைய நிகழ்ச்சியைப் பார்த்துக் குறிப்பெடுத்த உரிமத் துறை ஆய்வாளர் ஒருவர் நீதிமன்றத்தில் அந்தப் பகுதிகளைச் சொல்லிக் காட்டினார். புரூஸ் கொதித்துப் போனார். இந்த ஆள் என் நிகழ்ச்சியை மோசமாக நடத்துகிறார், அதற்கு நான் தண்டனை பெறப் போகிறேன் என்பது அவர் ஆதங்கம். தண்டனையும் கிடைத்தது, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 2003-ல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது.

சொற்கள் பயணம் செய்தன, டைமிங்கும் தொனியும் வரவில்லை. மேடைப் பனுவல் என்பது சொற்கள் மட்டும் இல்லை. பிற்காலத்தில் புரூஸ் தன் வழக்கு ஆவணங்களையே மேடையில் வாசிக்கத் தொடங்கினார். இடம் மாறிய பனுவல்தான் அதுவும். ஆனால் அதன் உள்விவரங்கள் பார்வையாளர்களிடம் இல்லை, அவரிடம் மட்டுமே இருந்தன. பலர் சோர்ந்து போனார்கள். ஒலிவாங்கி சொன்ன 'ஊன்றும்' வேலையை வேதனை செய்ய விடவில்லை.

---

மெய்ப்பாடு:

வெளியிலிருந்து எதையும் கொண்டு வராமல் தன் நிகழ்ச்சியையே பனுவலாக்கிக்கொள்ளும் வழி இருக்கிறதே, கால்பேக். அந்தாதியில் ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்ததைத் தொடங்கும். இங்கே தொடக்கத்துப் பிட்டின் சொல் அரைமணி நேரம் கழித்து வேறு ஆடை கட்டிக்கொண்டு வரும். எல்லோருக்கும் தெரிந்த பனுவல் ஒன்று வேண்டுமென்றால், அரங்கத்துக்குள் நுழைந்த பிறகு எல்லோரும் சேர்ந்து கேட்டதுதான் மிகவும் நம்பகமானது.

இதன் எல்லை எதுவரை என்று ஆஸ்திரேலியக் கலைஞர் ஹன்னா காட்ஸ்பியின் 'நானெட்' (2018-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது) காட்டிவிட்டது. தொடக்கத்தில் ஒரு ஜோக்: பேருந்து நிறுத்தத்தில் ஒருவன், காட்ஸ்பியை ஆண் என்று எண்ணி, தன் காதலியிடம் வழிவதாக நினைத்துச் சண்டைக்கு வருகிறான். பெண் என்று தெரிந்ததும் விலகிப் போகிறான். அரங்கம் சிரிக்கிறது. பின்னால் அதே சம்பவம் திரும்பி வருகிறது. அவன் விலகிப் போகவில்லை, திரும்பி வந்து அடித்தான். ஜோக்காக இருக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பகுதி வெட்டப்பட்டிருந்தது. கால்பேக்கின் எல்லா விதிகளும் சரியாகக் கடைப்பிடிக்கப்படுகின்றன, சிரிப்பு மட்டும் எடுக்கப்பட்டுவிட்டது. முன்பு சிரித்தது நாம்தான் என்பதால் அந்த வலி நம்மிடம் வந்து சேர்கிறது. பழைய பனுவலை நினைவூட்டும் உத்திக்கு இவ்வளவு கனம் உண்டு என்பதை அதற்கு முன் நான் உணர்ந்ததில்லை. இது காமெடியே இல்லை என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. காமெடியின் இலக்கணத்தை உள்ளும் புறமும் தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடியது அது.

---

புதுவரவு:

அக்கா, அந்த நிகழ்ச்சியை இன்னைக்கே பார்க்கிறேன். ஒலிவாங்கி அண்ணாவுக்கு ஒரு கேள்வி: கால்பேக் எவ்வளவு தள்ளி வரணும்? சீக்கிரம் வந்தா எல்லாரும் எதிர்பார்க்கிறாங்க, ரொம்பத் தள்ளினா மறந்துடுறாங்க. அந்தப் பதிவுக் குரல் பிட்டுக்கு நீங்க எப்படி வைப்பீங்க?

---

ஒலிவாங்கி:

தம்பி, நிமிடக் கணக்கு எதுவும் கிடையாது. நடுவில் அரங்கம் வேறு ஒரு விஷயத்துக்கு முழுசாகப் போயிருக்க வேண்டும், அதுதான் அளவு. பதிவுக் குரல் பிட்டுக்குப் பிறகு அந்தக் கணவன் மனைவியை விட்டுவிட்டு முற்றிலும் வேறு தலைப்புக்குப் போவேன். அங்கே நல்ல சிரிப்பு ஒன்று வாங்கிய பிறகுதான் திரும்பி வருவேன்.

ஆனால் ஊன்றும் வேலையை முதலிலேயே செய்துவிட வேண்டும். "இணைப்பில் காத்திருங்கள்" என்று கணவன் சொன்னதும் அந்தக் காத்திருப்பு இசையை வாயாலேயே இரண்டு, மூன்று முறை முனகிக் காட்டுவேன். முதல் முறை ஒரு புன்னகை வரும், அவ்வளவுதான். அது போதும், மெட்டு உள்ளே போய்விட்டது.

நிகழ்ச்சியின் கடைசியில் கணவன் மனம் மாறி வருகிறான். உண்மையாகவே மனம் திறந்து பேசுகிறான், மன்னிப்புக் கேட்கிறான், "நீ என்ன நினைக்கிற, சொல்லு" என்கிறான். அரங்கம் உருகிப் போயிருக்கும். மனைவி அவனை நிமிர்ந்து பார்க்கிறாள், வாயைத் திறக்கிறாள், காத்திருப்பு இசையை முனகுகிறாள். ஒரு சொல்கூட இல்லை. அதற்கு மேல் டேக் (சிரிப்புக்குப் பின் ஒட்டும் கூடுதல் வரி) எதுவும் சேர்க்காமல் விளக்கை அணைக்கச் சொல்லிவிடுவேன்.